விண்கப்பலை எங்கே கட்டுவது? வாசகர் கேள்வி – பதில்

அறிவியல் புனைகதை எழுதுபவர்களும் வரைபவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். எல்லாப் பதிலிலும் கணக்கு ஒரே கப்பலைப் பற்றியதாக இருக்கட்டும் என்று ஒரு கற்பனைக் கப்பலை வைத்துக்கொண்டோம்: நீளம் 300 மீட்டர், குறுக்களவு 50 மீட்டர், நிறை 2 லட்சம் டன்.

கே: என் கதையில் விண்மீன்களுக்கு இடையே போகும் கப்பல் ஒன்று வருகிறது. அதைத் தரையில் கட்டுவதாகக் காட்டுவதா, சுற்றுப்பாதையில் கட்டுவதாகக் காட்டுவதா? எதிலிருந்து யோசிக்கத் தொடங்குவது?

ப: எஞ்சினிலிருந்து தொடங்குங்கள். கட்டும் இடத்தைப் பெரும்பாலும் அதுவே முடிவு செய்துவிடும். தரையிலிருந்து கிளம்ப வேண்டுமானால் உந்துவிசை கப்பலின் எடையைவிட அதிகமாக இருக்க வேண்டும். குறைந்தது 1.2 மடங்காவது இருந்தால்தான் தடுமாறாமல் மேலே ஏறும். நம் கப்பலுக்கு, மேலே போகத் தேவையான எரிபொருளின் எடையைச் சேர்க்காமலேயே, 2 லட்சத்து 40 ஆயிரம் டன் உந்துவிசை வேண்டும். நிலவுக்கு மனிதர்களை அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட் கிளம்பும்போது தந்தது ஏறத்தாழ 3,500 டன். ஆக, கிட்டத்தட்ட எழுபது சாட்டர்ன்-5 ராக்கெட்டுகளை ஒன்றாகக் கட்டிப் பற்றவைக்க வேண்டும்.

நெடுந்தூரப் பயணத்துக்கு ஏற்ற எஞ்சின்களோ எரிபொருளில் சிக்கனமானவை, ஆனால் மிக மெதுவாகத் தள்ளுபவை. 2007-இல் கிளம்பி வெஸ்டாவையும் சீரிஸையும் சுற்றிவந்த 'டான்' விண்கலத்தின் அயனி எஞ்சின் தந்த உச்ச உந்துவிசை சுமார் 90 மில்லிநியூட்டன். உள்ளங்கையில் இரண்டு ஏ4 தாளை வைத்துப் பாருங்கள். கை உணரும் அழுத்தம் அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் விடாமல் தள்ளியதால் 1.2 டன் எடையுள்ள அந்தக் கலம் குறுங்கோள் பட்டை வரை போய்ச் சேர்ந்தது. ஆனால் அதே எஞ்சினால் அந்தக் கலத்தை மேசையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட உயர்த்த முடியாது. இப்படிப்பட்ட எஞ்சின் உள்ள கப்பலைத் தரையில் கட்டினால் அது தரையிலேயேதான் நிற்கும்.

எஞ்சினுக்கு அடுத்து இன்னும் இரண்டை எழுதிவையுங்கள். அந்தக் கப்பல் எப்போதாவது ஒரு கோளில் இறங்குமா? அதன் உலோகமும் எரிபொருளும் எங்கிருந்து வருகின்றன? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் தளம் எங்கே என்பது தானாகவே தெரிந்துவிடும். பலர் முதலில் ஓர் அழகான தளத்தை வரைந்துவிட்டு, எஞ்சினைப் பிறகு யோசிக்கிறார்கள். கதை பாதியில் இடறுவது அங்கேதான்.

கே: முழுக் கப்பலையும் ஒரே தூக்காகத் தூக்குவதைவிடப் பகுதி பகுதியாக மேலே ஏற்றினால் எரிபொருள் மிச்சமாகும் அல்லவா?

ப: ஆகாது. இது பரவலான தவறு. ஒரு டன் பொருளைச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோகத் தேவையான எரிபொருள், அது தனியாகப் போனாலும் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு போனாலும் ஏறத்தாழ அதேதான்.

கணக்கு இப்படி: 400 கி.மீ. உயரத்தில் சுற்றுவதற்கு விநாடிக்கு 7.7 கி.மீ. வேகம் வேண்டும். காற்றின் தடையும், ஏறும்போது ஈர்ப்போடு போராடுவதில் போகும் இழப்பும் சேர்ந்தால் ராக்கெட் தர வேண்டிய மொத்த வேகம் சுமார் 9.4 கி.மீ. திரவ ஹைட்ரஜன் – ஆக்சிஜன் எஞ்சினில் வாயு வெளியேறும் வேகம் விநாடிக்குச் சுமார் 4.4 கி.மீ. இந்த இரண்டையும் ராக்கெட் சமன்பாட்டில் போட்டால், கிளம்பும்போது உள்ள நிறை மேலே போய்ச் சேரும் நிறையைப்போல சுமார் 8.5 மடங்கு இருக்க வேண்டும் என்று வரும். மண்ணெண்ணெய் எஞ்சினானால் 17 மடங்கு. டாங்கி, குழாய், எஞ்சின் ஆகியவற்றின் எடையைச் சேர்த்தால் இது இன்னும் கூடும். நம் 2 லட்சம் டன்னுக்கு, ஹைட்ரஜனிலேயே, சுமார் 15 லட்சம் டன் எரிபொருள். ஒரே தடவையில் எரித்தாலும் இரண்டாயிரம் தடவையாகப் பிரித்து எரித்தாலும் மொத்தம் அதுதான்.

பகுதியாக ஏற்றுவதன் லாபம் வேறு. சிறிய எஞ்சின் போதும், ஏவுதளம் சிதறாது, ஓர் ஏவல் தோற்றால் ஒரு பகுதிதான் போகும், கப்பலின் உடல் ஏவலின் அதிர்வையும் காற்றின் மோதலையும் தாங்க வேண்டியதில்லை. விலை காலத்தில் வரும். ஒரு தடவைக்கு 100 டன் என்றால் 2,000 ஏவல்கள்; தினம் ஒன்று என்றாலும் ஐந்தரை ஆண்டு. தாழ்ந்த சுற்றுப்பாதைக்குச் சுமார் 8 டன் ஏற்றும் நம் எல்விஎம்-3 ராக்கெட்டானால் 25,000 ஏவல்கள்.

கதாசிரியர்கள் பயன்படுத்திக்கொள்ள ஒரு செய்தி: ஒரு கிலோ பொருளுக்கு அந்த உயரத்தையும் வேகத்தையும் தரத் தேவையான ஆற்றல் சுமார் 33 மெகாஜூல். நம் வீட்டு மின்கணக்கில் 9 யூனிட்தான். ராக்கெட் தன் எரிபொருளையும் தானே தூக்க வேண்டியிருப்பதால்தான் செலவு இத்தனை மடங்கு பெருகுகிறது. உங்கள் உலகில் விண் மின்தூக்கி (தரையிலிருந்து விண்வெளி வரை நீளும் கம்பியில் ஏறிப்போகும் தூக்கி) போன்ற ஏதாவது ஒன்று இருந்தால் இந்தக் கணக்கே தலைகீழாகிவிடும்.

கே: 2009-இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' படத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் திறந்த வெளியில் கப்பலைக் கட்டுகிறார்கள். நடைமுறையில் அப்படித் தரையில் நிறுத்திக் கட்ட என்னென்ன வேண்டும்?

ப: அந்தக் கதையுலகில் செயற்கை ஈர்ப்பு உண்டு. ஈர்ப்பைக் கையாளத் தெரிந்தவர்கள் தரையில் கட்டுவதில் முரண் இல்லை. அந்த வசதி இல்லாத உலகத்துக்குத்தான் கீழே உள்ளவை.

முதலில் அஸ்திவாரம். கெட்டியான களிமண் நிலம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 டன் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 2 லட்சம் டன்னுக்கு 10,000 சதுர மீட்டர், அதாவது 100 மீட்டருக்கு 100 மீட்டர் அடித்தளம். கப்பலின் அடிப்பாகமோ 50 மீட்டர் குறுக்களவுதான். அதனால் பைல் எனும் ஆழத் தூண்களை இறக்கிப் பாறையில் உட்கார வைத்தாக வேண்டும். மண்ணில் உட்காரவைத்தால் வரும் ஆபத்து மூழ்குவது அல்ல, ஒரு பக்கம் மட்டும் இறங்குவது. 100 மீட்டர் அடித்தளத்தில் ஒரு ஓரம் 2 செ.மீ. இறங்கினால், நின்றிருக்கும் 300 மீட்டர் கப்பலின் மூக்கு 6 செ.மீ. நகரும். கீழ்ப்பகுதியை ஒரு கோட்டுக்கும் மேல்பகுதியை இன்னொரு கோட்டுக்கும் பொருத்தியிருப்பீர்கள். முடியும்போது கப்பல் கோணலாக இருக்கும்.

அடுத்து, நிறுத்திக் கட்டுவதா, படுக்கவைத்துக் கட்டுவதா? ராக்கெட் பாணியில் வாலில் நிற்கும் கப்பலை நிறுத்தியே கட்டுவது நல்லது. நிற்கும்போது எடை எந்தத் திசையில் அமுக்குகிறதோ, பறக்கும்போது உந்துவிசையும் அதே திசையில்தான் அமுக்கும். ஒரே முதுகெலும்பு இரண்டுக்கும் உதவும். படுக்கவைத்துக் கட்டினால், பறக்கும்போது ஒருநாளும் வராத பக்கவாட்டுச் சுமைக்காகத் தனியே சட்டங்கள் போட வேண்டும். அவை பிறகு வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டிய வீண் எடை.

நிறுத்திக் கட்டுவதில் காற்று ஒரு பெரிய தொந்தரவு. விநாடிக்கு 40 மீட்டர் வேகப் புயலில் நம் கப்பலின் பக்கத்தில் விழும் தள்ளல் சுமார் 1,000 டன். புளோரிடாவில் சாட்டர்ன்-5 ராக்கெட்டுக்காக 160 மீட்டர் உயரக் கட்டடம் கட்டி உள்ளே வைத்துப் பொருத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ராக்கெட்டின் உயரம் 110 மீட்டர்தான்.

தூக்குவதற்குக் கப்பல் கட்டும் தளங்களின் முறை பொருந்தும். உடலைத் தனித்தனிப் பெரிய துண்டுகளாக வேறிடத்தில் முடித்து, குழாய், ஒயர் எல்லாம் உள்ளே ஓட்டி, கடைசியில் கிரேனால் தூக்கி வைப்பார்கள். ஸ்வீடனின் மால்மோவிலிருந்து 2002-இல் தென் கொரியாவின் உல்சானுக்குப் போன கோலியாத் கிரேன் ஒரே தூக்கில் 1,500 டன் எடுக்கும். அதன் உயரம் 138 மீட்டர். நம் கப்பலின் பாதி உயரத்துக்குக்கூட அது எட்டாது என்பதையும் கவனியுங்கள். அதற்கு மேலே, கட்டிய பகுதியின் மீதே கிரேனை ஏற்றி நகர்த்திக்கொண்டு போக வேண்டும், உயரமான கட்டடங்களில் செய்வதைப்போல.

கடைசியாக, கிளம்பும் நாள். 2023 ஏப்ரல் 20 அன்று டெக்சாஸில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட் முதன்முறை முழு வடிவில் ஏவப்பட்டபோது, எஞ்சின்களுக்குக் கீழே இருந்த கான்கிரீட் தளம் பெயர்ந்து துண்டுகள் நெடுந்தூரம் சிதறின. அதைவிடப் பல மடங்கு உந்துவிசை உள்ள கப்பலுக்கு, தீயைத் திருப்பிவிடும் ஆழமான பள்ளமும் வெள்ளமாகத் தண்ணீரும் இல்லாமல் கதை எழுதாதீர்கள். தண்ணீர் குளிர்விக்க மட்டுமல்ல. எஞ்சின் ஒலி தளத்தில் மோதித் திரும்பி ராக்கெட்டையே உலுக்கும்; அதை அடக்கவும் தண்ணீர்தான்.

கே: சுற்றுப்பாதையில் எடை இல்லை. அப்படியானால் அங்கே கட்டும் கப்பலின் உடல் மெல்லியதாக இருக்கலாமா?

ப: எஞ்சின் எவ்வளவு தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. 1 ஜி முடுக்கத்தில், அதாவது பூமியில் நாம் உணரும் எடை உள்ளே தெரியும் அளவுக்குத் தள்ளினால், கப்பலின் ஒவ்வொரு சட்டமும் தரையில் நிமிர்ந்து நிற்கும்போது தாங்கும் அதே சுமையைத் தாங்கும். மெல்லியதாகக் கட்டினால் எஞ்சினை இயக்கிய முதல் நிமிடத்தில் நசுங்கும். 0.01 ஜி என்றால் சுமை நூறில் ஒரு பங்கு. அப்போது சிலந்தி வலைபோல நீண்டு மெலிந்த சட்டகம் போதும். அத்தகைய கப்பலைத் தரையில் நிறுத்தவே முடியாது. கட்ட ஒரே இடம் சுற்றுப்பாதைதான்.

எடை போனாலும் போகாத சுமைகள் இரண்டு. ஒன்று, உள்ளிருக்கும் காற்று. ஒரு சதுர மீட்டர் சுவரில் சுமார் 10 டன் வெளிநோக்கித் தள்ளும், எங்கே இருந்தாலும். இன்னொன்று, சுழற்சி. 100 மீட்டர் ஆரமுள்ள வளையத்தை நிமிடத்துக்கு 3 சுற்றுச் சுழற்றினால் விளிம்பில் 1 ஜி கிடைக்கும். அந்த வளையத்தின் கைகள் தொங்கு பாலத்தின் கம்பிகளைப்போல முழுச் சுமையையும் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

கே: சுற்றுப்பாதையில் பகுதிகளைப் பொருத்தும் வேலையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். எங்கே கெட்டுப்போகும்?

ப: முதல் பகுதி கப்பலாக இருக்கக் கூடாது, தளமாக இருக்க வேண்டும். மின்சாரம், வெப்பத்தை வெளியேற்றும் ரேடியேட்டர், திசையை நிலைநிறுத்தும் அமைப்பு, கிரேன் கை, இந்த நான்கும் இயங்கத் தொடங்கிய பிறகே உலோகம் வர வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையம் கட்டப்பட்டபோதும் 1998 நவம்பர் 20 அன்று முதலில் ஏவப்பட்ட 'சார்யா' பகுதியின் வேலை மின்சாரமும் உந்துவிசையும் தருவதுதான். இரண்டாவது பகுதியான 'யூனிட்டி' அடுத்த மாதம் வந்து சேர்ந்தது.

பிறகு முதுகெலும்பு. எஞ்சின் தள்ளும் சட்டகத்திலிருந்து தொடங்கி மூக்கை நோக்கிப் போக வேண்டும். உந்துவிசை ஓடும் கோடு முதலில் நேராகட்டும். மற்றவை அதில் தொங்கட்டும்.

நேர்க்கோடு என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். சிக்கலே அங்கேதான். 400 கி.மீ. உயரத்தில் 92 நிமிடத்துக்கு ஒரு முறை பகலும் இரவும் மாறும். வெயில் படும் உலோகம் 120 டிகிரி செல்சியஸ் வரை போகும். நிழலில் மைனஸ் 150-க்கும் கீழே இறங்கும். 100 மீட்டர் அலுமினியச் சட்டம் 100 டிகிரி மாறினால் 23 செ.மீ. நீளும் அல்லது சுருங்கும். எஃகானால் 12 செ.மீ. இதைவிட மோசம், ஒரு பக்கம் மட்டும் வெயில் படுவது. 50 மீட்டர் குறுக்களவுள்ள நம் எஃகுக் கப்பலின் இரு பக்கங்களுக்கும் 100 டிகிரி வேறுபாடு இருந்தால் அது வாழைப்பழம்போல வளையும். நடுப்பகுதி கோட்டிலிருந்து 27 செ.மீ. விலகும். காலையில் பொருந்திய போல்ட் துளை முக்கால் மணி நேரத்தில் பொருந்தாது.

இதற்கு இரண்டு வழி. கப்பலுக்கும் சூரியனுக்கும் நடுவே அலுமினியம் பூசிய மெல்லிய படலத்தை விரித்து நிரந்தர நிழல் தரலாம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஐந்து அடுக்குத் திரை இந்த வேலையைத்தான் செய்கிறது. அல்லது கப்பலை மணிக்குச் சில சுற்று மெதுவாக உருட்டி எல்லாப் பக்கமும் சமமாகச் சூடேற்றலாம். அப்போலோ கலங்கள் நிலவுக்குப் போகும் வழியில் அப்படித்தான் உருண்டுகொண்டே போயின. ஆனால் உருளும் கப்பலில் கிரேன் வேலை செய்வது கடினம். கட்டும் தளத்துக்குத் திரைதான் சரி.

பகுதியைக் கொண்டுவந்து சேர்ப்பது அடுத்தது. எடை போய்விட்டாலும் நிறை போகவில்லை என்பதைப் புதியவர்கள் மறப்பார்கள். 20 டன் பகுதி விநாடிக்கு 10 செ.மீ. வேகத்தில், ஆமை நடையில், வந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். அதைக் கையால் தடுக்க நினைத்து, அது 1 செ.மீ. தூரத்தில் நின்றால், நடுவே அகப்பட்ட கையில் விழும் அழுத்தம் 1 டன். ஒலியே இல்லாமல், மெதுவாக வந்து நசுக்கும். விண்வெளி நிலையத்தின் 17.6 மீட்டர் நீள கனடார்ம்-2 இயந்திரக் கை 116 டன் வரை கையாளக்கூடியது. பெரிய சுமையோடு அது நகரும் வேகம் விநாடிக்குச் சில செ.மீ.தான்.

தொட்டபின் முதலில் தற்காலிகக் கொக்கிகள். பிறகு போல்ட்டுகள், ஒன்றுக்கொன்று எதிரெதிராக, பாதி இறுக்கம் ஒரு சுற்று, முழு இறுக்கம் ஒரு சுற்று. ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டே போனால் எதிர்ப்பக்கத்தில் ரப்பர் சீல் விலகிவிடும். நிலையத்தின் பல பகுதிகளைச் சேர்த்திருக்கும் இணைப்பு வளையத்தில் மோட்டாரால் இறுகும் 16 போல்ட்டுகள் உண்டு. வெற்றிடத்தில் கிரீஸ் ஆவியாகிவிடும். சுத்தமான உலோகமும் உலோகமும் உரசினால் ஒட்டிக்கொள்ளும். வியாழனுக்குப் போன கலிலியோ கலத்தின் பெரிய ஆண்டெனா 1991-இல் குடைபோல விரிய மறுத்ததற்கு, மசகு தேய்ந்து ஊசிகள் சிக்கிக்கொண்டதே காரணமாகக் கருதப்பட்டது. மாலிப்டினம் டைசல்பைடு போன்ற உலர் மசகைப் பூசுங்கள்; உரசும் இரண்டு பாகங்களையும் ஒரே உலோகத்தில் செய்யாதீர்கள்.

வெல்டிங் முடியும். 1969 அக்டோபர் 16 அன்று சோயுஸ்-6 கலத்தில், கீவ் நகரின் பேட்டன் நிறுவனம் செய்த 'வல்கன்' கருவியால் முதன்முதலில் விண்வெளியில் வெல்டிங் செய்தார்கள். 1984 ஜூலை 25 அன்று சல்யூட்-7 நிலையத்துக்கு வெளியே சோவியத் வீராங்கனை ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா கையில் பிடிக்கும் எலக்ட்ரான் கற்றைக் கருவியால் உலோகத்தை வெட்டி, ஒட்டி, பூச்சும் போட்டார். எலக்ட்ரான் கற்றைக்கு வெற்றிடம் வரம்; காப்பு வாயு தேவையில்லை. கெடுதல்கள் மூன்று: உருகிய உலோகத்தில் மாட்டிய வாயுக் குமிழி, ஈர்ப்பு இல்லாததால், மேலே வந்து வெடிக்காமல் உள்ளேயே தங்கி மூட்டைப் பலவீனமாக்கும், தெறிக்கும் துளிகள் விழ இடமில்லாமல் நேராகப் பறந்து உடையைத் துளைக்கும், சூட்டை வாங்கிக்கொள்ளக் காற்று இல்லாததால் மூட்டு நெடுநேரம் கொதிக்கும். ஆகவே பெரும்பாலான வெல்டிங்கைத் தரையில் முடித்துவிட்டு, மேலே போல்ட்டோடு நிறுத்திக்கொள்வது அறிவுடைமை.

கடைசியில் கசிவுச் சோதனை. ஒவ்வொரு அறையிலும் காற்றை நிரப்பி, கதவை மூடி, இரண்டு நாள் அழுத்தத்தைப் பாருங்கள். வெப்பநிலையையும் கூடவே குறித்துக்கொள்ள வேண்டும். 1 டிகிரி மாறினாலே அழுத்தம் 0.33 சதவீதம் மாறும். அதைக் கழிக்காவிட்டால் சின்னக் கசிவு வெயிலுக்குள் ஒளிந்துகொள்ளும். இந்தச் சோதனையில் சுற்றுப்பாதைக்குத்தான் வெற்றி. தரையில் உள்ள மிகப் பெரிய வெற்றிட அறை, ஓஹையோவில் இருப்பது, 30.5 மீட்டர் குறுக்களவும் 37 மீட்டர் உயரமும் கொண்டது. 300 மீட்டர் கப்பலுக்கு வெற்றிடச் சோதனை செய்யும் அறை பூமியில் இல்லை.

கே: தொழிலாளர்கள் சாதாரண உடையில் வேலை செய்ய, கப்பலைச் சுற்றிக் காற்று நிரப்பிய பெரிய கொட்டகை கட்டிவிட்டால்?

ப: கணக்குப் போட்டுவிடலாம். 100 மீட்டர் குறுக்களவு, 350 மீட்டர் நீளம் கொண்ட உருளை. உள்ளே போகும் காற்று மட்டும் சுமார் 3,300 டன். காற்றின் அழுத்தத்தைத் தாங்க எஃகுச் சுவர் 2 செ.மீ. தடிமன் வேண்டும், அதன் நிறை சுமார் 20,000 டன். கப்பலில் பத்தில் ஒரு பங்கு. பல கப்பல்கள் கட்டும் தளமானால் நிச்சயம் லாபம். ஒரே கப்பலுக்கானால் இல்லை.

விண்நடையின் விலையையும் பாருங்கள். ஒரு நடை ஆறு, ஆறரை மணி நேரம். உடையின் அழுத்தம் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே என்பதால், முன்கூட்டியே சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்து ரத்தத்தில் உள்ள நைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். கையுறைக்குள் விரலை மடக்குவதே உடற்பயிற்சி. 2007 ஆகஸ்டில் ஒரு வீரரின் கையுறை மேல் அடுக்கில் சிறு கிழிசல் தெரிந்ததும் நடையையே பாதியில் நிறுத்தினார்கள்.

நடுவழி ஒன்று உண்டு. கப்பலின் ஒவ்வொரு அறையையும் மூடியதும் அதற்குள்ளேயே காற்றை நிரப்பி, உள்வேலை முழுவதையும் சட்டை அணிந்தபடி செய்வது. வெளி வேலைக்கு இயந்திரக் கைகள். பதற்றமான நேரத்துக்கு மட்டும் மனிதர். கதைக்கும் அது நல்லது.

கே: காற்றழுத்தத்தைக் குறைத்துச் சுத்த ஆக்சிஜன் நிரப்பினால் கொட்டகைச் சுவர் மெலியுமே?

ப: மெலியும். தீயும் பரவும். 1967 ஜனவரியில் அப்போலோ-1 தரைச் சோதனையில் மூன்று வீரர்கள் இறந்தது சுத்த ஆக்சிஜன் நிரப்பிய அறையில் ஏற்பட்ட தீயால்தான். அங்கே அழுத்தமும் வளிமண்டலத்தைவிடக் கூடுதல். குறைந்த அழுத்தத்தில் ஆபத்து குறைவு. ஆனாலும் வெல்டிங் நடக்கும் கொட்டகையில் இந்த முயற்சி வேண்டாம்.

கே: தளத்தை எந்த உயரத்தில் வைப்பது?

ப: 400 கி.மீ.யில் வைத்தால் ஏற்றிச் செல்வது மலிவு, கதிர்வீச்சு குறைவு. ஆனால் மெல்லிய காற்று இன்னும் இருக்கிறது. விண்வெளி நிலையம் மாதத்துக்குச் சுமார் 2 கி.மீ. தாழ்கிறது, அடிக்கடி உயர்த்துகிறார்கள். மேலே சொன்ன பெரிய நிழல்திரை அந்த உயரத்தில் பாய்மரம்போலக் காற்றை வாங்கும். சற்று மேலே போனால் வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகள், அதாவது பூமியின் காந்தப்புலம் மின்னேற்றத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பகுதிகள். ஆகவே ஒன்று 500 கி.மீ.க்குள், இல்லாவிட்டால் பட்டைகளைத் தாண்டி நிலவின் பக்கம். நடுவில் தளம் போட்டால் தொழிலாளரும் கெடுவார், மின்னணுவும் கெடும்.

தாழ்ந்த பாதையில் நீளமான பொருள் தானாகவே பூமியை நோக்கிச் செங்குத்தாக நிற்கப் பார்க்கும். கீழ் முனைக்கும் மேல் முனைக்கும் ஈர்ப்பு கொஞ்சம் வேறுபடுவதே காரணம். நம் கப்பலின் முனையில், மையத்திலிருந்து 150 மீட்டர் தள்ளி, கட்டாமல் விட்ட பகுதி முதல் நிமிடத்தில் 1 மீட்டர் விலகிப்போகும். 100 டன் பகுதியைப் பிடித்து நிறுத்த 6 கிலோ எடையைத் தூக்கும் பலம் போதும். ஒரு கயிறு கட்டினால் நிற்கும். கட்ட மறந்தால் போய்விடும்.

கே: நிலவில் கட்டினால் என்ன? செவ்வாயில்?

ப: தரைத் தளம் வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு நாங்கள் சொல்வது நிலவுதான். அங்கே நம் கப்பலின் எடை பூமியில் 33,000 டன் எடைபோலத்தான் இருக்கும். நிலவைவிட்டே வெளியேற விநாடிக்கு 2.4 கி.மீ. போதும். ஹைட்ரஜன் எஞ்சினில் தேவையான எரிபொருள் கப்பல் நிறையில் முக்கால் பங்கு. பூமியில் இதே எஞ்சினுக்குத் தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு மட்டுமே ஏழு மடங்குக்கு மேல். காற்றில்லை, ஆகவே புயலில்லை. பகலும் இரவும் இரண்டிரண்டு வாரம் என்பதால் உலோகம் மெதுவாக ஒரு வெப்பநிலைக்கு வந்து நிற்கும். 92 நிமிடத் தொல்லை இல்லை. ஈர்ப்பு இருப்பதால் கீழே வைத்த கருவி கீழேயே இருக்கும். மண்ணில் ஆக்சிஜன் 40 சதவீதத்துக்கு மேல். அலுமினியமும் இரும்பும் டைட்டேனியமும் உண்டு. கெடுதல், தூசு. தேய்க்கப்படாத கண்ணாடித் தூள்போல எல்லாச் சீல்களையும் அரிக்கும்.

கட்டுவது நிலவுக்கு மேலே என்றால், உலோகத்தை மின்காந்தத் தண்டவாளத்தில் எறியலாம். 100 ஜி முடுக்கத்தில் 2.9 கி.மீ. நீளத் தண்டவாளம் போதும். மனிதரை 3 ஜி-யில் அனுப்ப 96 கி.மீ. வேண்டும். ஆகவே தகடு அதில் போகட்டும், ஆட்கள் ராக்கெட்டில் போகட்டும்.

செவ்வாய் இரண்டுக்கும் நடுவே: எடை பூமியில் உள்ளதைப்போல 38 சதவீதம், தாழ்ந்த சுற்றுப்பாதைக்குப் போகக் கப்பல் நிறையைப்போல ஒன்றரை மடங்கு எரிபொருள்.

கே: கற்பனைக்கு வெளியே, பொறியாளர்கள் இப்படிப் பெரிய கப்பலைத் தரையிலிருந்து கிளப்ப உண்மையிலேயே திட்டமிட்டதுண்டா?

ப: உண்டு. 1958-இல் அமெரிக்காவின் ஜெனரல் அடாமிக்ஸ் நிறுவனத்தில் தொடங்கிய 'ஒரையன்' திட்டம். கப்பலுக்குப் பின்னால் சிறு அணுகுண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து, அந்தத் தள்ளலைத் தடித்த தகடும் அதிர்வு தாங்கிகளும் வாங்கிக்கொள்ளும். இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் அதில் பணியாற்றினார். 4,000 டன் கப்பல் தரையிலிருந்தே கிளம்பும் வடிவமும் பரிசீலிக்கப்பட்டது. அந்த எஞ்சினுக்குக் கனமான கப்பல்தான் வசதி. இலேசாக இருந்தால் ஒவ்வொரு வெடிப்பும் உள்ளிருப்பவரை உலுக்கிவிடும். எஞ்சின் மாறினால் தளமும் மாறும் என்பதற்கு இது நேரடிச் சாட்சி. 1963-இல் வளிமண்டல அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்தது. 1965-இல் திட்டம் நின்றது.

எதிர்முனையில் 'டீடலஸ்'. 1973 முதல் 1978 வரை பிரிட்டிஷ் கோளிடைப் பயணச் சங்கம் செய்த ஆய்வு. சுமார் 6 ஒளியாண்டு தொலைவிலுள்ள பர்னார்ட் விண்மீனுக்கு, ஒளி வேகத்தில் 12 சதவீதத்தில் போகும் ஆளில்லாக் கலம். மொத்தம் 54,000 டன். அதில் 50,000 டன் எரிபொருள். அந்த எரிபொருளில் ஒரு பங்கான ஹீலியம்-3-ஐ வியாழனின் வளிமண்டலத்திலிருந்து எடுப்பதாகத் திட்டம். இந்த விகிதத்தை மனதில் வையுங்கள். பூமியிலிருந்து ஏற்ற வேண்டியது சுமார் 4,000 டன் கூடு மட்டுமே. உங்கள் 2 லட்சம் டன் கப்பலிலும் பெரும்பங்கு எரிபொருளாகத்தான் இருக்கும். காலிக் கூட்டைக் கட்டிவிட்டு, எரிபொருள் கிடைக்கும் இடத்தில் நிரப்புங்கள்.

கே: இஸ்ரோவின் புதிய ஏவுதளத்துக்கான இடமான குலசேகரன்பட்டினத்தை மையமாக வைத்து எழுதுகிறேன். அங்கிருந்து கிழக்கு நோக்கிப் பகுதிகளை ஏவலாமா?

ப: கிழக்கே இலங்கை இருக்கிறது. கழன்று விழும் ராக்கெட் கட்டங்கள் மக்கள் வாழும் நிலத்தின் மேல் போகக் கூடாது. அந்த ஏவுதளத்தின் பலன் தெற்கு நோக்கித்தான்; ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு, அதாவது இரு துருவங்களுக்கும் மேலே செல்லும் சுற்றுப்பாதைக்கு, போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், இங்கிருந்து நேராகப் போகலாம். பூமியின் சுழற்சி தரும் இலவச வேகம் கிழக்கு நோக்கினால்தான் கிடைக்கும். ஸ்ரீஹரிகோட்டாவில் அது விநாடிக்கு 452 மீட்டர். ஆகவே கதையில் கப்பல் கட்டும் தளம் துருவப் பாதையில் இருக்கட்டும், அல்லது ஏவல் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு மாறட்டும். எங்கிருந்தானாலும், கட்டும் தளம் சுற்றிவரும் பாதைக்கு நேர் கீழே ஏவுமிடம் வரும் நேரத்தில்தான் ஏவ முடியும். ஒரு நாளில் அது ஓரிரு முறைதான். ஒரே மேடையிலிருந்து மணிக்கு ஒன்று என்று எழுதிவிடாதீர்கள்.

கூட்டிச் சேர்ப்பதில் இந்தியாவும் தொடங்கிவிட்டது. 2024 டிசம்பர் 30 அன்று ஏவிய, தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு ஸ்பேடெக்ஸ் கலங்கள் 2025 ஜனவரி 16 அன்று சுற்றுப்பாதையில் ஒன்றோடொன்று இணைந்தன.

கே: வேலை செய்யும்போது ஒரு ஸ்பேனர் கைநழுவினால் என்ன ஆகும்?

ப: நழுவிய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். 2008 நவம்பரில் விண்வெளி நிலையத்துக்கு வெளியே ஒரு கருவிப் பையே நழுவிப் போனது. உடனடி ஆபத்து குறைவு, ஏனென்றால் அது நம்மோடு ஏறத்தாழ அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆபத்து, வேறு பாதையில் வருபவருக்கு. விநாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் எதிர்ப்படும் ஒரு கிராம் உலோகத்தில் 50,000 ஜூல் ஆற்றல் இருக்கும். ஆகவே ஸ்பேனருக்கு ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை இடுப்பில். கையிலிருந்து பைக்கு மாற்றும்போது, புதிய கொக்கியை மாட்டிய பிறகுதான் பழைய கொக்கியைக் கழற்ற வேண்டும்.